காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது காண்பவரின் நிலையைச் சொல்லும் செய்தி. அந்தப் பொருள் அங்கே இல்லை என்பது உலகின் நிலையைச் சொல்லும் தீர்ப்பு. முன்னதிலிருந்து பின்னதற்கு எப்போது செல்லலாம், எந்த நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு செல்லலாம் என்னும் வினாவை இந்தியாவின் அளவைநூலார், அதாவது மெய்யறிவு எவ்வழிகளில் பிறக்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள், பல நூற்றாண்டுகள் விடாமல் வாதித்திருக்கிறார்கள். தரையில் குடம் இருக்கிறதா இல்லையா என்ற சிறிய எடுத்துக்காட்டைச் சுற்றியே அவ்வாதம் பெரும்பாலும் நடந்தது. ஆனால் அதன் முழுக் கனமும் இன்று உணரப்படும் இடங்களுள் ஒன்று இதயநோய் மருத்துவமனையின் பரிசோதனை அறை. உணவுக்குழாய்க்குள் ஒலிக்கருவியைச் செலுத்தி இதயத்தைப் பின்புறமிருந்து படம்பிடிக்கும் முறை, மருத்துவர்கள் டி.இ.இ. என்று சுருக்கிச் சொல்வது, பல வேளைகளில் ஓர் இன்மையை உறுதிசெய்துகொள்வதற்காகவே கேட்கப்படுகிறது. மேலறையில் இரத்தக்கட்டி இல்லை, வால்வில் கிருமித் திரள் இல்லை, அறைகளுக்கு இடையிலான சுவரில் துளை இல்லை, செப்பனிட்ட வால்வில் கசிவு இல்லை என்பன போன்ற எதிர்மறைக் கூற்றுகளின்மேல்தான் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதும், அறுவையை முடித்து மார்பை மூடுவதும், மருந்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் நிற்கின்றன. 'இல்லை' என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். காணும் தகுதியை ஈட்டிக்கொண்ட அறிவுக்கே அந்த உரிமை உண்டு. அவ்வறிவு தன் எல்லையையும் சேர்த்துச் சொல்லும்போதே 'இல்லை' என்னும் தீர்ப்பு மெய்யாகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

கருவியும் அதன் இடமும்

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்ட அதிர்வுடையது மீயொலி எனப்படும். உடலுக்குள் அனுப்பிய மீயொலி திசுக்களின் எல்லைகளில் பட்டுத் திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு அந்த எல்லை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கணக்கிட்டு, அதனை ஒளிப்புள்ளிகளாகத் திரையில் அடுக்குவதே எக்கோ பரிசோதனை. சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலரும் 1953 இல், உலோகத்தின் உட்பிளவுகளைத் தேடுவதற்காக அமைந்த ஒரு கருவியைக் கொண்டு, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தார்கள். அன்று தொடங்கிய கலை விரைந்து வளர்ந்தாலும், மார்பின் மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு தடைகள் நீங்காமல் நின்றன. விலா எலும்பு ஒலியை விழுங்கிவிடும். நுரையீரலின் காற்று அதைத் திருப்பி அடித்துவிடும். பருத்த உடலினர், நாட்பட்ட நுரையீரல் நோயினர், செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர் ஆகியோரிடம் இத்தடைகள் இன்னும் கூடும். அன்றியும், இதயத்தின் நான்கு அறைகளுள் மார்புச் சுவரிலிருந்து மிகவும் பின்னால் இருப்பது இடது மேலறை. கட்டி தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உணவுக்குழாய் அந்த இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. இந்த அண்மையைப் பயன்படுத்தி 1976 இல் அமெரிக்காவில் லியோன் ஃபிராசினும் அவருடைய குழுவினரும் உணவுக்குழாயிலிருந்து இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தார்கள். 1980களில் அது அசையும் இருபரிமாணப் படமாகவும், பின்னர் எக்கோணத்திலும் திருப்பக்கூடிய படமாகவும், 2007 ஐ ஒட்டி நேரடி முப்பரிமாணப் படமாகவும் வளர்ந்தது. அண்மை இன்னொரு நன்மையையும் தந்தது. அதிர்வு கூடக் கூட ஒலி நுண்மையாகப் பிரித்துக் காட்டும், ஆனால் ஆழமாகச் செல்லாது. மார்பின் மேலிருந்து நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை பயன்படுத்த வேண்டியிருக்க, பின்னாலிருந்து பார்க்கும்போது 50 லட்சம் முதல் 70 லட்சம் வரை பயன்படுத்த முடிகிறது. ஆகவே இம்முறையின் வலிமை கருவியின் நுட்பத்தில் மட்டும் இல்லை, காண்பவர் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டதிலும் இருக்கிறது.

இடத்தை மாற்றிக்கொள்வதற்கு நோயாளியும் ஒரு விலை கொடுக்கிறார். ஏறத்தாழ ஆறு மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருந்து, பல்செட் இருந்தால் கழற்றி வைத்து, தொண்டை மரத்துப்போகும் மருந்து தெளிக்கப்பட்டு, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, குழாயைக் கடித்துவிடாதபடி பற்களுக்கிடையே ஒரு வளையத்தைக் கவ்விக்கொள்கிறார். அரைமயக்கத்துக்கான ஊசி இறங்கிக்கொண்டிருக்கும்போது, விரல் பருமனுள்ள குழாய் நாக்கின் பின்புறத்தைத் தொடும் கணத்தில் 'விழுங்குங்கள்' என்று மருத்துவர் சொல்ல, உடல் வெளியே தள்ள விரும்பும் ஒன்றை அவர் முயன்று உள்ளே வாங்குகிறார். உணவுக்குழாயில் அடைப்போ புற்றோ உள்ளவர்க்கு இது செய்யத் தகாது. 1991 இல் வெளியான பன்மருத்துவமனை ஆய்வொன்றில் 10,419 பரிசோதனைகளில் ஓர் இறப்பு நேர்ந்தது. அபாயம் மிகச் சிறியது, ஆனால் சுழி அன்று. ஓர் இன்மையை அறிவதற்காக உண்மையான ஓர் உடல் இதனை ஏற்றுக்கொள்கிறது என்பது பின்னால் வரும் அறக்கேள்விக்கு அடிப்படையாகும்.

திரையில் தோன்றும் படம் எவ்வகை அறிவு என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அளவைநூலார் பலர் அறிவின் முதன்மையான வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று வகுத்தார்கள். புலன்வழி நேரே அறிவது காட்சி, புகையைக் கொண்டு தீயை அறிவதுபோல் ஒன்றிலிருந்து மற்றொன்றை அறிவது கருதல், நம்பத் தகுந்தவரின் சொல்லால் அறிவது உரை. எக்கோ படம் காட்சிபோல் தோன்றினாலும், மென்திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் விரைவில் நேர்கோட்டில் சென்று ஒரேயொரு முறை பட்டுத் திரும்புகிறது என்ற முற்கோளின்மேல் கட்டப்பட்டது அது. முற்கோள் பொய்க்கும் இடத்தில், ஒலி இரண்டு சுவர்களுக்கிடையே பலமுறை எதிரொலித்தால், இல்லாத ஒரு கோடு திரையில் தோன்றும். ஆகவே மருத்துவருக்கு இது கருதல் கலந்த காட்சி. படத்தைப் பாராமல் முடிவை மட்டும் கேட்டுக்கொள்ளும் நோயாளிக்கோ இது முழுவதும் உரை.

கட்டி இல்லை என்னும் கூற்று

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென நடுங்கும் நோய்நிலையை ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பர். தமிழில் மேலறை நடுக்கம் எனலாம். சுருக்கம் இல்லாத இடத்தில் இரத்தம் தேங்கும், தேங்கிய இரத்தம் உறையும். இடது மேலறையின் முன்பக்கத்தில் விரல்போல் நீண்டு, பல கிளைகளாகவும் பிரியும் ஒட்டுப்பை ஒன்று உண்டு. வாதக் காய்ச்சலால் வால்வு கெடாத நோயாளிகளிடம் மேலறைக் கட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த ஒட்டுப்பையில்தான் காணப்பட்டதாக 1996 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மின்னதிர்ச்சி கொடுத்து நடுக்கத்தை நிறுத்தி இதயத்தைச் சீரான துடிப்புக்குத் திருப்பலாம். ஆனால் பையில் கட்டி இருந்தால், துடிப்பு திரும்பியபின் அது பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். எனவே நடுக்கம் இரண்டு நாளைக் கடந்திருந்தால் மூன்று வாரம் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்த பிறகே மின்னதிர்ச்சி என்பது பழைய நெறியாக இருந்தது. உணவுக்குழாய் வழியாகப் பார்த்துக் கட்டி இல்லை என்று உறுதியானால் காத்திருக்காமலே செய்யலாமா என்பதை 1,222 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2001 இல் வெளியான அக்யூட் என்னும் ஆய்வு, இருமுறைகளிலும் கட்டி பெயர்ந்து உண்டாகும் தீங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், காத்திருந்தவர்களைவிடப் பார்த்துச் செய்யப்பட்டவர்களிடம் இரத்தக்கசிவு குறைவு என்றும் கண்டது. மூன்று வாரக் காத்திருப்புக்கு ஈடாக 'இல்லை' என்ற ஒரு சொல் வைக்கப்பட்டது. அச்சொல்லின் தகுதி அத்தனை பெரிது.

இங்குக் கவனிக்க வேண்டியது, மார்பின் மேலிருந்து எடுக்கும் சாதாரண எக்கோவிலும் 'கட்டி தெரியவில்லை' என்று எழுதலாம், அதுவும் உண்மையே என்பது. ஆனால் அந்த எக்கோவில் ஒட்டுப்பையே பெரும்பாலும் சரிவரத் தெரிவதில்லை. கட்டி இருந்தாலும் தெரிந்திராது, இல்லாவிட்டாலும் தெரிந்திராது என்னும்போது, தெரியாமை எதற்கும் சான்றாகாது. ஒரே சொற்றொடர் ஓரிடத்தில் சான்றாகவும் மற்றோரிடத்தில் வெறும் ஒலியாகவும் ஆவதற்கு என்ன காரணம் என்பதைத்தான் அளவைநூலார் வகுத்துக் காட்டினார்கள்.

இன்மை அறியப்படும் வழி

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டர், இன்மையை அறிவதற்குக் காணாமை என்பதே தனியொரு அளவை என்று கொண்டார். இல்லாத பொருளோடு புலன் சேர முடியாதாகையால் அதைக் காட்சியில் அடக்க முடியாது என்பது அவர் வாதம். அதே மீமாம்சையைச் சார்ந்த பிரபாகரரின் மரபு இதை மறுத்து, வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் குடத்தின் இன்மை என்று தனியே ஒரு பொருள் கிடையாது என்றது. நியாய நூலார் இன்மையை ஒரு பொருளாகவே ஏற்று, தரையின் அடைமொழியாக நின்று அது புலனாலேயே அறியப்படுகிறது என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி, காணாமை கருதலுக்கு உதவும் ஏதுக்களுள் ஒன்று என்றார். தமிழிலும் இவ்வாராய்ச்சி பழையது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிக அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளுள் அபாவம் என்னும் இன்மையும் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் பத்து அளவைகளையும் எண்ணிக் காட்டி, அவை காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார்.

இத்தனை பிளவுகளுக்கும் நடுவே, காணாமையைச் சான்றாகக் கொண்ட மரபுகள் அனைத்தும் ஒரு நிபந்தனையில் உடன்பட்டன. காணத் தகுந்த பொருளைக் காணாமையே இன்மையைக் காட்டும். காணத் தகாததைக் காணாமை எதையும் காட்டாது. தகுதி என்பது இங்கே பொருளின் இயல்பை மட்டும் குறிப்பதன்று. வெளிச்சம், கண்ணின் நலம், அண்மை, இடையில் மறைப்பின்மை, காண்பவரின் கவனம் ஆகிய அனைத்தும் கூடி, பொருள் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் காட்சிக்கு ஆயத்தமாக இருக்கும் நிலையைக் குறிக்கும். பிற்கால நியாயத்தார் இதை ஒரு சோதனையாகவே வடித்தார்கள்: அது இங்கே இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியுமானால், தெரியவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குச் செல்லலாம். உணவுக்குழாய் எக்கோவின் மருத்துவப் பயன் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தின்கீழ் ஒழுங்குபடுத்த முடியும். ஏனெனில் அங்கே பின்பற்றப்படும் முறைமைகள் பலவும் 'இருந்திருந்தால் தெரிந்திருக்கும்' என்ற நிலையை உண்டாக்குவதற்கான முயற்சிகளே.

தகுதியை உண்டாக்கும் முறைமைகள்

முதல் முறைமை, ஒரே பார்வையோடு நிறைவடையாமை. ஒட்டுப்பை பல கிளைகளுடையது. ஒரு தளத்தில் கட்டியின்றித் தெரிவது வேறொரு தளத்தில் கட்டியை மறைத்து வைத்திருக்கலாம். எனவே குழாயின் நுனியிலுள்ள ஒலித்தகட்டை 0 பாகையிலிருந்து 45, 90, 135 பாகைகள் வழியாகத் திருப்பி, பையின் ஒவ்வொரு கிளையும் நுனிவரை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முழுப் பரிசோதனைக்கென 1999 இல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் 20 பார்வைத் தளங்களை வகுத்தன. 2013 இல் அவை 28 ஆயின. நோயின் வகை மாறினால் தேட வேண்டிய இடமும் மாறும். இந்தியாவில் இன்னும் நீங்காத வாதக் காய்ச்சலால் இடப்பக்க ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கு, பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் சிகிச்சைக்கு முன் கட்டியில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அவர்களிடம் கட்டி ஒட்டுப்பையில் மட்டுமன்றி மேலறையின் உள்வெளியிலும் அடிக்கடி தங்குவதால், பையைப் பார்த்ததோடு நின்றுவிடுவது தகுதியற்ற காணாமையாகிவிடும்.

இரண்டாவது, மறைந்திருப்பது வெளிப்படுவதற்கான சூழலை உண்டாக்குதல். மேலறைகளுக்கு இடையிலான சுவரில், கருவில் திறந்திருந்து பிறந்தபின் மூடவேண்டிய ஒரு வழி சிலரிடம் முற்றிலும் ஒட்டாமல் கதவுபோல் சாத்திக்கொண்டிருக்கும். காரணம் விளங்காத பக்கவாதம் வந்தவரிடம் அதைத் தேடுவார்கள். கலக்கிய உப்புநீரைச் சிரையில் செலுத்தினால் அதன் நுண்குமிழிகள் வலது மேலறையை வெண்மையாக நிரப்பும். ஆனால் இடப்பக்க அழுத்தம் மிகுந்திருக்கும்வரை கதவு திறவாது. ஆகையால் நோயாளியை மூச்சடக்கி முக்கச் செய்து, பின் சட்டென விடச் சொல்வார்கள்; அந்த நொடியில் வலப்பக்க அழுத்தம் உயர, வழி இருந்தால் குமிழிகள் சில துடிப்புகளுக்குள் இடப்பக்கம் தாவும். முக்காமல் செய்த சோதனையில் குமிழி தாவவில்லை என்பதற்குப் பொருள் குறைவு. அறுவை அரங்கிலும் இதே நெறி வேறு வடிவில் நிற்கிறது. கசியும் வால்வைச் செப்பனிட்டு, இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து நோயாளியை விடுவித்தபின், கசிவு நின்றதா என்று உணவுக்குழாய் வழியாகப் பார்க்கிறார்கள். மயக்கநிலையில் இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பதால் கசிவு உண்மையைவிடச் சிறிதாகத் தோன்றக்கூடும் என்பதை அறிந்த மயக்கவியலர், மருந்தால் அழுத்தத்தை இயல்பு நிலைக்கு உயர்த்திவிட்டு மறுபடியும் பார்த்த பிறகே 'கசிவு இல்லை' என்பார்.

மூன்றாவது, தன் குருட்டிடத்தை அறிந்திருத்தல். உணவுக்குழாய்க்கும் மேலேறும் பெருந்தமனியின் மேற்பகுதிக்கும் நடுவில் மூச்சுக்குழாயும் அதன் இடக்கிளையும் குறுக்கிடுகின்றன. அவற்றிலுள்ள காற்று, மார்பின் மேலிருந்து பார்ப்பவரை நுரையீரல் தடுத்ததுபோலவே, இங்கும் ஒலியைத் தடுக்கிறது. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து பிளவுபடும் கொடிய நோயை இப்பரிசோதனை மிக நன்றாகக் கண்டுபிடித்தாலும், கிழிவு அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும் அடங்கியிருந்தால் தப்பிவிடலாம். உலோக வால்வு பொருத்தியவரிடம் உலோகம் தனக்குப் பின்னால் நிழல் வீழ்த்தும். முன்னாலிருந்து பார்த்தால் மேலறை இருளும், பின்னாலிருந்து பார்த்தால் மேலறை தெளிந்து கீழறைப் பக்கம் இருளும். எந்த இடத்தில் நின்றாலும் அந்த இடத்துக்கே உரிய ஓர் இருள் உண்டு. இடம் மாறும்போது இருளும் மாறுமே தவிர ஒழியாது. நல்ல மருத்துவர் தான் பார்த்ததைப்போலவே தன்னால் பார்க்க முடியாத பகுதியையும் அறிக்கையில் எழுதுகிறார்.

திரிபும் ஐயமும்

'இல்லை' என்று தவறாகச் சொல்வதுபோலவே 'உண்டு' என்று தவறாகச் சொல்வதும் நேரும். ஒட்டுப்பைக்கும் அதன் அருகில் வந்து சேரும் நுரையீரல் சிரைக்கும் இடையில் இயல்பாகவே ஒரு தசைமுகடு இருக்கிறது; அதன் நுனி சிலரிடம் உருண்டு திரண்டு, கட்டிபோல் அசையும். அதைக் கட்டியென்று கருதி உறைதடுப்பு மருந்து தொடங்கிய தவறுகளால், அம்மருந்தின் வணிகப் பெயரே அந்த உறுப்புக்கு ஒட்டிக்கொண்டு, இன்றும் இதயநோய் மருத்துவர்கள் அதைக் கூமடின் முகடு என்கிறார்கள். கயிற்றைப் பாம்பாகக் காணும் திரிபுக் காட்சிக்கு மெய்யியல் நூல்கள் சொல்லும் இலக்கணம் இதற்கு முற்றும் பொருந்தும். இயல்பான தசைமுகட்டைக் கட்டியன்று என்று அறிவதற்குக் கட்டியின் இலக்கணத்தோடு முகட்டின் இலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஐயத்துக்கும் உரிய இடம் உண்டு. சில இதயங்களில் கட்டியும் இராது, தெளிந்த இரத்தமும் இராது; தேங்கிய குருதி புகைபோல் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். ஒட்டுப்பையிலிருந்து இரத்தம் வெளியேறும் விரைவு நொடிக்கு 20 சென்டிமீட்டருக்குக் கீழே சென்றால் கட்டி உருவாகும் அபாயம் மிகும் என்பதையும் அளந்து அறியலாம். இத்தகைய நிலையில் உண்டு, இல்லை என்ற இரண்டு சொற்களுள் ஒன்றைக் கட்டாயப்படுத்திப் பெறுவது நேர்மையாகாது. ஐயத்தையும் திரிபையும் களைந்த காட்சியே அளவையாகும் என்று சைவ சித்தாந்த நூல்கள் வரையறுப்பது, ஐயத்தை ஐயமாகவே அறிவிக்க வேண்டும் என்ற கடமையையும் உள்ளடக்கியது. 'கட்டி இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று முடியும் அறிக்கை தோல்வியன்று. மின்னதிர்ச்சியைத் தள்ளிவைத்து மருந்தைத் தொடர்வதற்கு அதுவே போதுமான அறிவு.

காலம் என்னும் எல்லை

அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார்; அந்நூல் இன்மையை நான்காகப் பகுக்கிறது. ஒரு பொருள் தோன்றுவதற்கு முன் உள்ள இன்மை, அது அழிந்தபின் உள்ள இன்மை, முக்காலத்தும் உள்ள முழு இன்மை, ஒன்று மற்றொன்றாக இல்லாமை என்பன அவை. முகட்டைக் கட்டியினின்று வேறுபடுத்துவது நான்காவது வகையைச் சேரும். மருந்தால் கட்டி கரைந்தபின் மறுபரிசோதனையில் தெளிவாகக் காணப்படும் பை இரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டு. மருத்துவத்தில் மிகவும் ஏமாற்றக்கூடியதோ முதல் வகையே. ஏனெனில் தோன்றுமுன் உள்ள இன்மைக்குத் தொடக்கம் இல்லை, ஆனால் முடிவு உண்டு.

மின்னதிர்ச்சிக்கு முன் கட்டியில்லை என்று உணவுக்குழாய் எக்கோவில் உறுதியான சிலருக்கும் பின்னர்ப் பக்கவாதம் முதலியன வந்ததை 1994 இல் ஒரு பன்மருத்துவமனை ஆய்வு எடுத்துக்காட்டியது. அவர்கள் போதிய அளவில் உறைதடுப்பு மருந்து பெறாதவர்கள். துடிப்பு சீரானாலும் மேலறையின் தசை சில நாள்கள், சில வேளை சில வாரங்கள், திகைத்து நிற்பதுபோல் சோர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் புதிய கட்டி தோன்றலாம். பரிசோதனை அன்றைய இன்மையைச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். நாளைய இன்மையைச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை. அதனால்தான் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மின்னதிர்ச்சிக்குப் பின் குறைந்தது நான்கு வாரம் மருந்து தொடர வேண்டும் என்பது நெறியாயிற்று.

இதய உட்சுவரில் கிருமி தொற்றும் நோயிலும் இவ்வுண்மை தெரிகிறது. ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதலின்படி, வால்வில் கிருமித் திரள் உண்மையில் உள்ள நூறு பேரில் மார்பின் மேலிருந்து பார்த்து ஏறத்தாழ 70 பேரையும், உணவுக்குழாய் வழியாகப் பார்த்து 96 பேரையும் கண்டறிய முடிகிறது; செயற்கை வால்வு உள்ளவர்களிடம் இவ்வெண்கள் 50, 92 என்று குறைகின்றன. நூறில் சிலர் எவ்வழியிலும் தப்புகிறார்கள், திரள் இன்னும் மிகச் சிறிதாக இருப்பது அதற்கு ஒரு காரணம். எனவே காய்ச்சலும் இரத்தப் பரிசோதனையும் ஐயத்தை வலுவாக எழுப்பும்போது, முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் 5 முதல் 7 நாள்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். காணாமை தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை; பிற சான்றுகளோடு சேர்த்தே அது எடைபோடப்படுகிறது.

இதயத்தில் தேடப்பட்ட மற்றொன்று

மருத்துவம் தேடுவதற்கு நெடுங்காலம் முன்பே சமயங்கள் இதயத்தில் வேறொன்றைத் தேடியிருக்கின்றன. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் பகுதி, இதயத் தாமரைக்குள் இருக்கும் சிறு வெளியில் உறைவதைத் தேடி அறிய வேண்டும் என்று பணித்து, உடல் மூப்பதால் அது மூப்பதில்லை என்கிறது. தில்லைச் சிற்றம்பலத்தை அண்டத்தின் இதயமாகவும் அடியாரின் இதயத்தைத் தில்லையாகவும் காண்பது சைவ மரபு. பூசலார் நாயனார் நெஞ்சுக்குள்ளேயே எழுப்பிய கோயிலின் குடமுழுக்கு நாளுக்காக இறைவன் காஞ்சியில் பல்லவ மன்னனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் செய்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. துடிக்கும் இதயத்தின் நான்கு அறைகளும் மில்லிமீட்டர் நுட்பத்தில் திரையில் தெரியும் காலத்தில் இந்த மரபை எவ்வாறு கொள்வது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

இக்கேள்விக்கு விரைந்து சொல்லப்படும் விடைகள் இரண்டு. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். இதயத்தை முழுவதும் பார்த்தாயிற்று, அங்கே உயிரும் இல்லை, இறையும் இல்லை என்பது ஒன்று. உபநிடதம் சொன்ன சிறு வெளியை இன்றைய படம் மெய்ப்பித்துவிட்டது என்று ஏதேனும் ஓர் அறையையோ குழியையோ சுட்டிக்காட்டுவது மற்றொன்று. எதிரொலி எழுப்பும் எல்லைகளை உடைய பொருளே மீயொலிக்குக் காணத் தகுந்தது. அப்படி எல்லை உடையதாக உயிரையோ இறையையோ அம்மரபுகள் சொல்லவே இல்லை. ஆகவே முதற்கூற்று தகுதியற்ற காணாமையை இன்மையாக்குகிறது. இரண்டாவது, தகாத இடத்தில் கண்டதாகச் சொல்லித் தசைமுகட்டைக் கட்டியாக்கிய திரிபையே மறுபடியும் செய்கிறது.

நியாய ஆசிரியர் உதயனர் தம் நியாய குசுமாஞ்சலியில் காணாமை ஒன்றே இறையை மறுத்துவிடும் என்போருக்கு இந்நிபந்தனையைக் கொண்டே விடை சொன்னார். வெறும் காணாமை இன்மைக்குப் போதுமானால், காட்சியை மட்டுமே நம்பும் உலகாயதன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் மனைவி மக்களைக் காணாததால் அவர்கள் அழிந்தார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழவேண்டியிருக்கும் என்றார். ஆயினும் இந்நிபந்தனை நம்புவோருக்கு மட்டும் துணைநிற்பது என்று கருதலாகாது. இறையையும் நிலைத்த உயிரையும் ஏற்காத தர்மகீர்த்தியே, காணத் தகாததைக் காணாமை ஐயத்தை மட்டுமே தரும், மறுப்பைத் தராது என்று வரையறுத்தவர். அவர் அவற்றை மறுத்தது வேறு காரணங்களால். தகாத காணாமை மறுப்பாகாது என்பதைப் போலவே, மறுக்கப்படவில்லை என்பது நிறுவப்பட்டதும் ஆகாது. நம்பிக்கை தன் சான்றுகளைத் தனக்குரிய இடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும். எக்கோ அறை அந்த இடம் அன்று.

இல்லை என்பவர்

இங்கேதான் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் ஒரு வாதம் புதிய பொருளோடு எதிர்நிற்கிறது. பன்னிரண்டு நூற்பாக்களால் ஆன சிவஞான போதத்தின் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றுள் முதலாவது, உடலின் ஒவ்வொரு கூறாகப் பார்த்து இது உயிரன்று, இதுவும் அன்று, உயிர் என்று ஒன்று இல்லை என்று சொல்லிக்கொண்டே போகும் அறிவு ஒன்று உண்டல்லவா, அதுவே உயிர் என்பதாகும். இவ்வாதம் உயிரின் உண்மையை முற்றும் நிறுவிவிட்டதா என்பதில் மெய்யியலார் மாறுபடலாம். பௌத்தர், அறிவு நிகழ்கிறது என்பதற்கு மேல் அறிபவர் ஒருவர் தேவையில்லை என்பர். ஆனால் மாறுபடும் எல்லோரும் ஏற்க வேண்டிய ஓர் உண்மை அதில் உள்ளது: இன்மை தானே வந்து காட்சிதராது, எதிர்பார்ப்போடு நோக்கிய ஓர் அறிவுக்கே அது புலப்படும்.

உணவுக்குழாய் எக்கோவின் திரை இதை அப்படியே மெய்ப்பிக்கிறது. திரையில் இருப்பதெல்லாம் இருக்கும் எதிரொலிகளின் ஒளியும், எதிரொலி வராத இடத்தின் கருமையும். 'கட்டி இல்லை' என்ற செய்தி அதில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கருமை தெளிந்த இரத்தமாக இருக்கலாம், நிழலாக இருக்கலாம், ஒலி எட்டாத இடமாகவும் இருக்கலாம். கட்டி எங்கே தங்கும், எப்படித் தோன்றும், எதனோடு மயங்கும், எக்கோணத்தில் ஒளியும் என்பதையெல்லாம் அறிந்த ஒருவர், பையின் கிளைகள் அனைத்தையும் நுனிவரை கண்டு, இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று தமக்குள் உறுதிபெற்ற பிறகு, தம் பொறுப்பில் சொல்லும் சொல்லே 'இல்லை'. கணினி நிரல்கள் படங்களை வகைப்படுத்தத் தொடங்கியிருக்கும் இக்காலத்திலும் இப்பொறுப்பு கைமாறுவதில்லை. நிரல் அந்தச் சொல்லை அச்சிட்டாலும், காணத் தகுந்தவை அனைத்தும் காணப்பட்டனவா என்பதற்கு விடைகூற ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்பவர் யார் என்பதையும் மறக்கலாகாது. பசியோடு காத்திருந்து, தொண்டை மரத்து, குழாயை விழுங்கிக் கிடந்த நோயாளிக்குத் தம் இதயத்தின் பின்சுவரைத் தாமே பார்த்துத் தெளிய வழியில்லை. அவருக்குக் கிடைப்பது உரை மட்டுமே. உரைக்குத் தகுதியுடையவர் இன்னார் என்று இந்திய மரபு வரையறுத்தபோது, பொருளை உள்ளபடி அறிந்திருத்தல், அறிந்ததை உள்ளபடி சொல்லும் விருப்பம் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்டது. கட்டி தெரியாத நிலையில் 'தெரிந்தவரையில் இல்லை, இந்தப் பகுதி மட்டும் சரியாகத் தெரியவில்லை, மருந்தை இன்னும் நான்கு வாரம் நிறுத்த வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவர் அவ்விரண்டையும் நிறைவேற்றுகிறார். எல்லை கூறாமல் 'ஒன்றும் இல்லை' என்று முடித்துவிடுபவர், சொன்னது தற்செயலாக உண்மையானாலும், அறிவைத் தந்தவர் ஆகார். உயிரைப் பற்றியும் இறையைப் பற்றியும் பேசுவோரிடமும் எதிர்பார்க்கத் தக்க ஒழுக்கம் இதுவே. உண்டு என்பவரும் இல்லை என்பவரும் எங்கே நின்று பார்த்தார்கள், அங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதைத் தங்கள் கூற்றோடு சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அக்கடமையை ஏற்காத உறுதி எவ்வளவு உரத்து ஒலித்தாலும், தகாத இடத்திலிருந்து எழுதப்பட்ட அறிக்கையைவிட மேலானதாகாது.